எழுதா இசையின் கர்த்தா: ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் இசை அமைத்த முறை

ஐரோப்பிய சங்கீத சரித்திரத்தில் இசை அமைப்பவர் என்று ஒருவரைக் குறிப்பிட்டால், ஐந்து கோடுகள் இழுத்த தாளின் முன் அமர்ந்து, மனத்தில் எழுந்த நாதத்தைக் குறியீடுகளாக இறக்கி வைத்து, அதனை வாத்தியக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் ஒரு மனிதரையே நாம் எண்ணிக்கொள்கிறோம். பாக் முதற்கொண்டு ராவெல் ஈறாக அந்த மரபின் மேதைகள் பலருக்கும் இச்சித்திரம் பொருந்தும். எழுத்தே இசையின் ஆதாரம், எழுதப்படாதது வெறும் வாசிப்பு, எழுதப்பட்டதே சிருஷ்டி என்ற அபிப்பிராயமும் இந்தச் சித்திரத்தோடு கூடவே நம் மனத்தில் குடியேறிவிடுகிறது. ஆனால் அதே ஐரோப்பாவில், அதே பாரிஸ் மாநகரில், ராவெல் உயிரோடிருந்த காலத்திலேயே, ஸ்வரக் குறியீட்டைப் படிக்கவும் அறியாமல், தம் பெயரைக் கையெழுத்திடுவதற்கும் ஒரு சக வித்வானிடம் பாடங்கேட்க வேண்டிய நிலையில் இருந்துகொண்டு, ஏறத்தாழ நூறு உருப்படிகளைச் செய்து வைத்துவிட்டுப் போன கிட்டார் வித்வான் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்.

ஜாஸ் சங்கீதத்தில் கிட்டாரைத் துணை வாத்தியம் என்ற நிலையிலிருந்து தனி வாத்தியம் என்ற நிலைக்கு உயர்த்தியவர்களுள் அவர் முதன்மையானவர் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அவருடைய விரல்வேகத்தைப் பற்றியும், பொறுப்பற்ற வாழ்க்கையைப் பற்றியும் கதைகள் ஏராளம். அக்கதைகளின் நிழலில் அவர் இசை அமைத்த முறை போதிய கவனம் பெறாமலே போயிற்று. எழுத்து என்னும் கருவி இல்லாத ஒருவர் எதைக் கருவியாகக் கொண்டு இசை அமைத்தார், அந்தக் கருவி அவரை எங்கே உயர்த்திற்று, எங்கே கைவிட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முகாமில் வளர்ந்த செவி

ஜாங்கோ 1910 ஜனவரி 23 அன்று, பெல்ஜியத்தில் லிபர்ஷி என்னும் சிற்றூரில், கூண்டு வண்டிகளில் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்த மனூஷ் ஜிப்ஸிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பாரிஸ் நகரின் பழைய மதிலை ஒட்டிய முகாம்களில் வளர்ந்தார். பள்ளிக்கூடம் அவரை அறியாது. அவரும் பள்ளிக்கூடத்தை அறியார். பாஞ்சோ வாத்தியத்தைக் கண்ணால் கண்டும் காதால் கேட்டுமே கற்று, பதின்மூன்று பதினான்கு வயதிலேயே அக்கார்டியன் வித்வான்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துப் பிழைக்கலானார். பாரிஸின் எளிய மக்கள் கூடி ஆடிய 'பால் மியூஸெத்' நடனக் கூடங்களில் அன்று வால்ஸ் என்னும் மூன்று அட்சர நடன இசையே பிரதானம். அந்த இசையின் வளைவும் நெளிவும், மைனர் அளவைகளின் சோகச் சாயலும், இத்தாலிய அக்கார்டியன்காரர்களின் துரிதமான அலங்காரங்களும் அவர் செவியில் முதலில் படிந்தன.

ஜிப்ஸி மக்களின் மூதாதையர் பாரத தேசத்தின் வடமேற்கிலிருந்து சென்றவர்கள் என்று மொழிநூலார் நிறுவியிருப்பதால், ஜாங்கோவின் வாசிப்பில் நம் ராகங்களின் எதிரொலியைத் தேடிக் காண முயலும் ஆர்வம் நம்மவர்க்கு எழுவது இயல்பே. ஆயினும் பல நூற்றாண்டுகளின் பயணம் இடையே கிடக்க, இரத்தத்தைக் கொண்டு சங்கீதத்தை விளக்குவது ஆராய்ச்சி ஆகாது. அவர் கேட்டது பாரிஸின் இசை. பின்னாளில் மனத்தைப் பறிகொடுத்தது அமெரிக்க இசை. 1931-ஆம் ஆண்டில் தூலோன் துறைமுக நகரில் எமில் ஸாவித்ரி என்ற ஓவியர் தம் அறையில் போட்டுக் காட்டிய லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டுகளே அவர் போக வேண்டிய திசையை அவருக்குக் காட்டின.

இந்தக் காலத்தைப் பற்றி ஒரு செய்தியை மட்டும் தனியே குறிக்க வேண்டும். நடனக் கூடங்களில் வாசித்த இளமைப் பருவத்தில் ஜாங்கோ சில வால்ஸ்களை அமைத்தார். அவற்றை அவர் எழுதி வைக்கவில்லை, எழுத அறியார். இசைத்தட்டிலும் பதியவில்லை. அவருடைய தோழரும் மற்றொரு ஜிப்ஸி கிட்டார் வித்வானுமான மாத்தலோ ஃபெரே அவற்றை நினைவில் காத்திருந்து, ஜாங்கோ மறைந்த பின்னர் வாசித்துப் பதிவு செய்ததால்தான் 'மோந்தாஞ் ஸேந்த் ஜெனவியேவ்' முதலிய நான்கு வால்ஸ்கள் இன்று நமக்குக் கிடைத்திருக்கின்றன. கர்த்தாவின் கை, தோழரின் நெஞ்சம், பின்னர் இசைத்தட்டு என்ற இந்த வழியிலேயே அவருடைய சிருஷ்டிகள் பலவும் உலகை அடைந்தன.

கையின் குறையும் ஹார்மனியின் நிறைவும்

1928-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், ஜாங்கோவுக்குப் பதினெட்டு வயது நடக்கையில், அவர் குடியிருந்த கூண்டு வண்டியில் தீப்பற்றியது. விற்பனைக்காக அவர் மனைவி செய்து அடுக்கியிருந்த செல்லுலாய்டு பூக்கள் நொடியில் பற்றிக்கொண்டன. இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் சுருங்கி மடங்கிவிட்டன. ஒன்றரை ஆண்டுக் காலம் படுக்கையிலும் சிகிச்சையிலும் கழிந்தது. அந்த நாட்களில் தம்பி ஜோசப் கொண்டுவந்து கொடுத்த கிட்டாரில், எஞ்சிய இரண்டு விரல்களுக்கு ஏற்றதொரு வாசிப்பு முறையை அவர் முற்றிலும் புதிதாகச் சமைத்துக்கொண்டார்.

இந்நிகழ்ச்சியை ஒரு வீரக்கதையாகச் சொல்வதே வழக்கம். நாம் இதனை இசை அமைப்பின் கோணத்திலிருந்து காண வேண்டும். பல ஸ்வரங்கள் ஒருங்கே ஒலிக்கும் சேர்க்கையை மேலைநாட்டார் கார்டு என்பர். நாம் ஸ்வரக்கூட்டு என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு விரல்களும் உள்ள கிட்டார்காரன் ஆறு தந்திகளையும் பிடித்துப் பெரிய ஸ்வரக்கூட்டுகளை எழுப்புகிறான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டுமே சுதந்திரமாக இயங்க, மடங்கிய விரல்கள் மேல் ஸ்தாயித் தந்திகள் இரண்டில் ஓரளவு ஊன்றிக்கொள்ள, கட்டைவிரல் தண்டின் மேலாக வளைந்து மந்தரத் தந்தியை அழுத்த, ஜாங்கோ பிடித்தவையோ மூன்று நான்கு ஸ்வரங்களே அடங்கிய சிறு கூட்டுகள். சிறியவை என்பதாலேயே அவை எளிதில் நகரக் கூடியவையாக இருந்தன.

இந்தச் சிறு கூட்டுகளில் ஜாங்கோ மிகவும் விரும்பிக் கையாண்டது மைனர் ஸிக்ஸ்த் என்பது. ஏ, ஸி, ஈ, எஃப் ஷார்ப் என்னும் நான்கு ஸ்வரங்களை எடுத்துக்கொள்வோம். ஏ என்பதை ஆதாரமாகக் கருதினால் அது மைனர் ஸிக்ஸ்த். அதே நான்கு ஸ்வரங்களின் கீழே டி என்னும் ஸ்வரத்தைச் செவி தானாகவே பாவித்துக்கொண்டால், அது டி நைன்த் என்னும் முற்றிலும் வேறான கூட்டின் மேற்பகுதி. எஃப் ஷார்ப்பை ஆதாரமாகக் கொண்டாலோ மூன்றாவது பெயர் ஒன்றையும் பெறும். கையின் பிடி ஒன்றே. அதன் பொருள், பின்னே ஒலிக்கும் டபிள் பேஸ் எதைத் தொடுகிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. இவ்வாறே டிமினிஷ்ட் என்னும் கூட்டில் ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்ததிலிருந்து மூன்று அரை ஸ்வரத் தொலைவில் நிற்பதால், ஒரே பிடியைத் தண்டில் மூன்று மெட்டுகள் (ஃப்ரெட்டுகள்) தள்ளி வைத்தாலும் அதே ஸ்வரங்களே இடம் மாறி ஒலிக்கும். ஆகவே ஒரே கை வடிவத்தைத் தண்டின் மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே ஒருவர் ஹார்மனியின் பல மாளிகைகளுக்குள் புகுந்து புறப்படலாம்.

ஏட்டில் ஹார்மனி சாஸ்திரம் பயின்றவர் பெயரைக் கொண்டு ஸ்வரக்கூட்டை அறிகிறார். ஜாங்கோ வடிவத்தைக் கொண்டும் ஒலியைக் கொண்டும் அறிந்தார். பெயர் வேறுபாடு அவருக்கு இல்லாமையால், பெயர்கள் எழுப்பும் வேலிகளும் இல்லை. 'தாஃப்னே' என்ற உருப்படியின் முதற்பகுதி டி மேஜரில் நடக்கிறது. நடுப்பகுதி வந்ததும் எவ்வித முன்னறிவிப்பும் இன்றி அனைத்தும் அரை ஸ்வரம் மேலேறி ஈ ஃப்ளாட்டில் ஒலிக்கிறது. பின்னர் மீண்டும் கீழே இறங்கி வீடு சேர்கிறது. தாளில் எழுதுபவர்க்கு இஃது இரண்டு ஷார்ப்புகளை விட்டு மூன்று ஃப்ளாட்டுகளுக்குத் தாவும் துணிச்சல். கிட்டாரின் தண்டிலோ கையை ஒரு மெட்டுத் தள்ளி வைப்பதே அது. வாத்தியத்தின் பூகோளமே சாகித்தியத்தின் இலக்கணமாக மாறுவதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

விரல்கள் கருகியதனாலேதான் அவர் மேதை ஆனார் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பேதைமை. விபத்துக்கு முன்னரே லண்டனின் புகழ்பெற்ற ஜாக் ஹில்டன் அவரைத் தம் வாத்தியக்குழுவுக்கு அழைத்திருந்தார். மேதைமை முன்பே இருந்தது. கையின் குறை அதற்கு ஒரு குறிப்பிட்ட நடையை விதித்தது என்பதே நியாயமான கூற்று.

மூன்று நிமிஷச் சட்டகம்

1934-ஆம் ஆண்டில் ஜாங்கோவும் வயலின் வித்வான் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் கூடி அமைத்த 'ஹாட் கிளப் த ஃப்ரான்ஸ்' ஐவர் குழு, ஜாஸ் உலகம் அதுவரை கண்டிராத ஒரு சேர்க்கை. டிரம் இல்லை, பியானோ இல்லை, ஊதுகுழல் எதுவும் இல்லை. ஒரு வயலின், மூன்று கிட்டார்கள், ஒரு டபிள் பேஸ், அவ்வளவே. தாளத்தையும் ஹார்மனியையும் இரண்டு கிட்டார்கள் வெட்டி வெட்டி வாசித்துத் தாங்கின. அந்த வாசிப்புக்கு அவர்கள் 'லா போம்ப்' என்று பெயரிட்டனர். இந்தக் குழுவின் ஒலிக்கென்றே ஜாங்கோ அமைத்த உருப்படிகளில் அவருடைய முறையின் இரண்டாவது அங்கம் வெளிப்படுகிறது.

நம் சங்கீதத்தில் கல்பிதம் என்றும் மனோதர்மம் என்றும் பகுத்துப் பேசுகிறோம். கிருதி முன்பே அமைந்தது. நிரவலும் கல்பனாஸ்வரமும் அந்தச் சமயத்தில் பிறப்பவை. ஜாஸிலும் இப்பகுப்பு உண்டு. முதலில் ஒரு மெட்டு வாசிக்கப்படும். பின்னர் அந்த மெட்டுக்கு அடியில் ஓடும் ஸ்வரக்கூட்டுகளின் வரிசை மாத்திரம் திரும்பத் திரும்பச் சுழல, அதன்மேல் ஒவ்வொரு வித்வானும் தம் கற்பனையை விரிப்பார். முடிவில் மெட்டு மீண்டும் வரும். நம்மவர்க்கு ராகம் எல்லை வகுப்பது போல, அவர்களுக்கு அந்த ஸ்வரக்கூட்டு வரிசை எல்லை வகுக்கிறது. ஆகவே ஜாஸில் இசை அமைப்பவர் செய்ய வேண்டிய காரியம் இரண்டு: கேட்போர் நினைவில் நிற்கும் மெட்டு ஒன்று, வாசிப்போரின் கற்பனையைத் தூண்டும் சட்டகம் ஒன்று.

1937 நவம்பரில் பதிவான 'மைனர் ஸ்விங்' என்ற உருப்படியில் ஜாங்கோவும் கிராப்பெல்லியும் இவற்றுள் முதலாவதை ஏறக்குறைய விட்டேவிட்டார்கள். ஏ மைனர், டி மைனர், ஈ செவன்த் என்னும் மூன்று கூட்டுகளே அதன் உடல். ஒவ்வொரு கூட்டின் ஸ்வரங்களையும் கட்டாக எழுப்பாமல் தனித்தனியே ஏற்றி மீட்டும் ஒரு சிறு வினா, அதற்கு ஒரு சிறு விடை, இவ்வளவுதான் தொடக்கம். அது முடிந்த கணத்திலேயே பதினாறு ஆவர்த்தனச் சுழற்சி தொடங்கி, ஜாங்கோ தம் மனோதர்மத்தில் இறங்கிவிடுகிறார். மெட்டு என்று பாடிக் காட்டத் தக்கது அதில் மிகச் சொற்பம். ஆனால் இன்று உலகெங்கும் ஜிப்ஸி ஜாஸ் பயிலும் மாணவர் எவரும் முதலில் கற்கும் உருப்படி இதுவே. அவர்களுள் பலர் 1937-இல் ஜாங்கோ அந்தச் சமயத்தில் கற்பனையாக வாசித்த பகுதியையே ஸ்வரம் பிசகாமல் நெட்டுருச் செய்கிறார்கள். மனோதர்மமாகப் பிறந்தது தட்டில் பதிந்த காரணத்தால் கல்பிதமாகி, ஒரு சம்பிரதாயமே ஆகிவிட்டது.

இதில் இசைத்தட்டின் பங்கு அற்பமன்று. அக்காலத்துப் பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவது ஏறத்தாழ மூன்று நிமிஷ இசைதான். அந்த அவகாசத்துக்குள் தொடக்கம், மெட்டு, இருவரின் கற்பனை, முத்தாய்ப்பு எல்லாம் நிறைவேற வேண்டும். எழுதுபவர் தாளில் திருத்தம் செய்வது போல ஜாங்கோ தாளில் திருத்த இயலாது. ஆனால் ஒரே உருப்படியை வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு குழுக்களோடு மீண்டும் மீண்டும் பதிவு செய்தார். அப்பதிவுகளை வரிசையாகக் கேட்டால், வேகம் மாறுவதும், தொடக்கம் மாறுவதும், கூட்டுகளின் வர்ணம் மாறுவதும் புலப்படும். அவையே அவருடைய திருத்தப் பிரதிகள்.

குழு இல்லாமல் தனியே வாசித்துப் பதிந்த உருப்படிகளிலோ இந்த அணுகுமுறை இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது. 1937-இல் பதிவான ஒன்றுக்கு 'இம்ப்ரொவைஸேஷன்' என்றே பெயர். தாளக்கட்டிலிருந்து விலகியும் அதற்குள் திரும்பியும், ஸ்வரக்கூட்டுகளை நிறுத்தியும் உதிர்த்தும் செல்லும் அதனை, முன்னேற்பாடு இன்றிப் பிறந்தது என்று நம்புவதும் கடினம், எழுதி வைத்து வாசித்தது என்று சொல்வதும் இயலாது. அமைப்பு வேறு, கற்பனை வேறு என்ற எல்லைக்கோடு அங்கே அழிந்துவிடுகிறது.

மேகங்களின் காலம்

1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டபோது ஐவர் குழு லண்டனில் இருந்தது. கிராப்பெல்லி அங்கேயே தங்கினார். ஜாங்கோ பாரிஸுக்குத் திரும்பினார். வயலின் இல்லாத குழுவுக்கு ஊபேர் ரோஸ்தேங் என்ற இளைஞரின் கிளாரினெட்டைச் சேர்த்துக்கொண்டார். வெளிப்பார்வைக்கு இது நஷ்டமே. ஆனால் இசை அமைப்பவர் என்ற முறையில் ஜாங்கோ முதிர்ச்சி அடைந்தது இந்த ஆண்டுகளில்தான். கிராப்பெல்லி அருகில் இருந்தவரை மெட்டின் சுமையை வயலின் தாங்கிற்று. அது விலகியதும் நாதத்தின் வர்ணத்தையும் குழுவின் இழைவையும் பற்றித் தாமே சிந்திக்க வேண்டியவரானார்.

அந்தச் சிந்தனையின் முதற்கனி 'நுவாஜ்', அதாவது மேகங்கள். 1940 அக்டோபரில் ஒருமுறை பதிவு செய்து, அதில் மனம் நிறையாமல், டிசம்பரில் அலிக்ஸ் கோம்பெல் என்பவரையும் கூட்டி இரண்டு கிளாரினெட்டுகளோடு மறுபடி பதிவு செய்தார். ஜெர்மானியப் படையின் ஆக்கிரமிப்பில் வாடிய பாரிஸ் மக்கள் அதனைத் தம் மனநிலையின் குரலாகவே ஏற்றுக்கொண்டனர். ஐரோப்பாவெங்கும் நாஜிகள் ஜிப்ஸி மக்களை வதை முகாம்களுக்கு அனுப்பிக் கொன்றுகொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஒரு ஜிப்ஸியின் மெட்டு அந்நகரின் துயரத்துக்கு வடிவம் தந்தது. 1943-இல் ஸ்விட்ஸர்லாந்துக்குத் தப்பிச் செல்ல முயன்று, அம்முயற்சி பலிக்காமல் அவர் பாரிஸுக்கே திரும்ப நேர்ந்தது.

நுவாஜின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அதன் ஆதார சுருதி ஜி மேஜர். பிற மெட்டுகள் தம் ஆதாரத்தில் தொடங்கிப் பின் அகன்று மீளும். நுவாஜோ ஆதாரத்துக்கு வெகு தொலைவான ஈ ஃப்ளாட் நைன்த் என்னும் கூட்டில் தொடங்கி, மூன்றாம் ஆவர்த்தனத்தில்தான் வீட்டு வாசலில் கால் வைக்கிறது. அந்த முதற்கூட்டை ஜாங்கோவின் கை எவ்வாறு பிடித்திருக்கும் என்று கேட்டால், பி ஃப்ளாட் மைனர் ஸிக்ஸ்த் என்பதே விடை; முன்பு நாம் கண்ட, பெயர் மாறிப் பொருள் மாறும் அதே சிறு பிடி. மேலே மெட்டு, அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக நழுவி இறங்குகிறது. இறங்கும் ஒவ்வொரு சொற்கட்டும் தளர்ந்து முடியாமல் அடுத்ததற்கு வழிவிடுகிறது. இந்த நழுவலும், இரு விரல்கள் மெட்டு மெட்டாகத் தண்டில் சறுக்கும் இயக்கமும் ஒன்றே. கையின் பழக்கம் உணர்ச்சியின் பாஷையாக மாறிய இடம் இது.

ஜாங்கோ டெபுஸியையும் ராவெலையும் மிக விரும்பிக் கேட்டவர். டெபுஸியின் 'நாக்தர்ன்' தொகுதியில் முதலாவதற்கும் நுவாஜ் என்றே பெயர். அந்த மகாவித்வான்களின் பிரதிகளை அவர் படித்ததில்லை; படிக்கவும் இயலாது. செவி வழியாகவே அவர்களுடைய ஹார்மனியின் நறுமணத்தை உறிஞ்சி, ஆறு தந்திகளில் தமக்கு இயன்ற அளவில் மீண்டும் வடித்தார். 1937-இல் பெரிய வாத்தியக்குழு ஒன்றோடு அவர் பதிந்த 'பொலேரோ'விலும், 1940-இல் பதிந்த 'ரித்ம் ஃப்யூத்யூர்' என்னும் விசித்திரமான உருப்படியிலும் இந்த நாட்டம் வெளிப்படை.

சொல்ல ஒருவர், எழுத ஒருவர்

பெரிய வாத்தியக்குழுவுக்கு இசை அமைக்கும் ஆசை வளர்ந்தபோது ஜாங்கோவின் முறை தன் எல்லையில் வந்து முட்டியது. ஐவர் குழுவில் தோழர்களுக்கு வாசித்துக் காட்டினாலே போதும். இருபது முப்பது பேர் உள்ள குழுவுக்கு ஒவ்வொருவர் முன்னும் தாள் இருந்தாக வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பியவர் ஜெரார் லெவெக் என்ற கிளாரினெட் கலைஞர். ஜாங்கோ கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியை ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்ல, லெவெக் எழுதிக்கொள்வார். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் பல குரல்களையும், முன்பு சொன்னது எது, இனிச் சொல்ல வேண்டுவது எது என்பதையும் மனத்தில் ஒருங்கே தாங்கிக்கொண்டு இவ்வாறு செய்வதற்கு எத்தகைய நினைவாற்றல் வேண்டும் என்பதை இசை பயின்றோர் அறிவர்.

இந்த முறையிலேயே அவர் இரண்டு பெருங்காரியங்களைத் தொடங்கினார். ஒன்று, ஆண்டுதோறும் தென் பிரான்ஸின் ஸேந்த் மரீ த லா மேர் கடற்கரையில் ஜிப்ஸிகள் கூடும் புண்ணிய யாத்திரைக்கென்று ஒரு முழுப் பூஜைச் சங்கீதம். தம் மக்களுக்கென்று தனிப் பூஜை இசை இல்லை என்ற குறை அவரை உறுத்தியது. மற்றொன்று, 'மனுவார் த மே ரேவ்', அதாவது என் கனவுகளின் மாளிகை, என்ற பெயரில் ஒரு ஸிம்ஃபனி. இரண்டும் நிறைவெய்தவில்லை. பூஜைச் சங்கீதத்தின் ஒரு பகுதியை மாத்திரம் லியோ ஷோலியாக் 1944-இல் பாரிஸில் ஆர்கனில் வாசித்தார். சில நிமிஷங்களே நீளும் அந்தப் பகுதியே எஞ்சியது. ஸிம்ஃபனி மேடையேறவே இல்லை. அந்தப் பெயரைத் தாங்கிய அழகிய சிறு மெட்டு ஒன்று 1943-இல் இசைத்தட்டில் பதிந்ததால் மட்டும் பிழைத்தது.

இவ்விடத்தில் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். எழுத்தறியாமையை ஒரு வரமாகக் கொண்டாடுவது, ஜாங்கோவை 'இயற்கையின் குழந்தை' என்று புகழ்ந்த அந்நாளைய பத்திரிகைகளுக்குப் பிடித்த பல்லவி. அந்தப் பல்லவி அவருக்கு நியாயம் செய்யவில்லை. மூன்று நிமிஷ உருப்படியைச் செவியும் கையும் நினைவும் கொண்டு பூரணமாகச் செதுக்கலாம். முப்பது நிமிஷ உருப்படியில் முதற்பகுதியின் விதை கடைசிப் பகுதியில் எவ்வாறு முளைக்க வேண்டும் என்பதைத் தொலைவில் நின்று பார்த்துத் திருத்தத் தாள் ஒன்று வேண்டும். அந்தத் தாள் மற்றொருவர் கையில் இருந்தது. எழுதிக்கொடுப்பவர் எவ்வளவு விசுவாசமானவராயினும், எழுதியதை மீண்டும் படித்துப் பார்க்கக் கர்த்தாவால் இயலாதபோது, படைப்பு பாதி வழியில் நின்றுவிடுகிறது. அவருடைய சோம்பலும் யுத்தகால நெருக்கடியும் இதற்குக் காரணம் என்பர், அவையும் காரணமே. ஆனால் முதற்காரணம் கருவியின் போதாமை.

கடைசி ஆண்டுகள்

1946 நவம்பரில் டியூக் எலிங்டனின் குழுவோடு நியூயார்க் கார்னெகி ஹாலில் வாசிக்கும் பெருவாய்ப்பு ஜாங்கோவுக்கு வந்தது. எழுதி அமைப்பதில் ஜாஸ் உலகின் சிகரமான எலிங்டன், தம் குழுவின் ஒவ்வொரு வாத்தியக்காரரின் நாதத்தையும் மனத்தில் கொண்டு அவரவர்க்கென்றே எழுதியவர். அவர் அருகே, எழுதாமலே அமைத்தவர் ஒருவர் நின்றார். அந்தச் சந்திப்பிலிருந்து புதிய உருப்படி எதுவும் பிறக்கவில்லை என்பது இசை உலகின் நஷ்டம்.

அமெரிக்காவில் அப்பொழுது எழுந்துகொண்டிருந்த பீபாப் என்னும் புதுநடை ஜாங்கோவை ஆழமாகப் பாதித்தது. மின்சாரக் கிட்டாரைக் கையில் எடுத்து, தம்மைவிட மிக இளையவர்களோடு வாசித்து, பழைய வாசகத்தைத் துறந்து புதியதைக் கற்றார். 1953 ஜனவரியில் பதிவான 'அனுமான்' என்ற உருப்படி இந்தப் பருவத்தின் சிறந்த சான்று. மெட்டில் ஆடம்பரம் இல்லை. ஸ்வரங்களுக்கு இடையே மௌனம் மிகுதி. இளமையில் ஆயிரம் ஸ்வரங்களைச் சிதறியவர் இப்பொழுது பத்து ஸ்வரங்களைத் தேர்ந்தெடுத்து வைக்கிறார். அதே ஆண்டு ஏப்ரலில், பிற்காலத்தில் பியானோவில் பெரும்புகழ் எய்திய மார்ஷல் ஸோலாலோடு அவர் செய்த பதிவே கடைசியாயிற்று. மே 16 அன்று, ஸாமுவா ஸுர் ஸேன் என்னும் ஆற்றங்கரைக் கிராமத்தில் வசித்து வந்த அவர், மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு ஃபோந்தேன்ப்ளோவில் காலமானார். வயது நாற்பத்து மூன்றுதான். அடுத்த ஆண்டிலேயே அமெரிக்கப் பியானோ வித்வான் ஜான் லூயிஸ், மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட்டுக்காக 'ஜாங்கோ' என்ற பெயரிலேயே ஓர் இரங்கல் இசையை அமைத்தார். எழுதாதவரின் நினைவு எழுதப்பட்ட இசை ஒன்றில் நிலைபெற்றது.

முடிவு

நாம் ஆராய்ந்தவற்றைத் தொகுத்துக் கூறின், ஜாங்கோவின் இசை அமைப்புக்கு நான்கு ஆதாரங்கள் இருந்தன. வடிவங்களால் சிந்தித்த கை. டெபுஸியையும் ஆர்ம்ஸ்ட்ராங்கையும் பேதமின்றி ஏற்ற செவி. தோழர்களின் நினைவும் பேனாவும். மூன்று நிமிஷத்தில் முற்றுப்பெறும்படி கட்டளையிட்ட இசைத்தட்டு. இந்நான்கும் கூடிய இடங்களில் அவருடைய சிறு உருப்படிகள், எழுதி அமைக்கப்பட்ட எந்த இசையோடும் சமமாக நிற்கும் பூரணத்துவம் பெற்றன. பெரிய வடிவங்களில் அவை போதவில்லை. அங்கே அவர் தோற்றார். இசை அமைப்பு என்பது எழுத்தில் பிறப்பதன்று என்பதை அவருடைய வெற்றிகள் மெய்ப்பிக்கின்றன. பெரிதாகவும் நீண்டதாகவும் வளர அதற்கு எழுத்து அவசியம் என்பதை அவருடைய தோல்விகள் மெய்ப்பிக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்போர் இருதரப்பிலும் உள்ளனர். இரண்டையும் சேர்த்துக் காண்பதே அவருக்கு நாம் செய்யும் நியாயம்.

ஜாஸில் பழக்கமில்லாத வாசகர்கள் 1937-ஆம் ஆண்டின் தனிக் கிட்டார் 'இம்ப்ரொவைஸேஷன்', 1940 டிசம்பரின் 'நுவாஜ்', 1953-இன் 'அனுமான்' ஆகிய மூன்றையும் இதே வரிசையில் ஒருமுறை கேட்பார்களாக. ஒருவர் பதினாறு ஆண்டுகளில் எவ்வளவு தூரம் நடந்தார் என்பதற்குப் பத்து நிமிஷத்தில் கிடைக்கும் பிரமாணம் அதுவே.